பலகையின் பின்புறம்

பியானோவைத் திறப்பது கஷ்டமே இல்லை. மேல்மூடியைத் தூக்கி, உள்ளே இரண்டு பக்கமும் இருக்கிற தாழ்ப்பாளைத் திருப்பினால் முன்பலகை கையோடு வந்துவிடும். சேத்தியாத்தோப்பில் ஒரு வீட்டில், நெய்வேலியில் வேலை பார்த்த தாத்தா வாங்கிப்போட்ட பியானோ. பலகையின் பின்புறம் பென்சிலில் எழுதியிருந்தது: ‘அரைக்கட்டை இறக்கியிருக்கிறேன். ஏற்ற வேண்டாம்.’ பேர் இல்லை.

கொஞ்சம் முன்புதான் அந்தம்மா அவரைத் திட்டியிருந்தார். “காசை வாங்கிட்டு சுதி சேக்காமலே போயிட்டான் தம்பி.”

உள்ளே ஏறக்குறைய 230 கம்பிகள். எல்லாம் சேர்ந்து இழுப்பது 15 டன் அளவுக்கு. இதில் பாதி துரு. முறுக்காணிகளைப் பிடித்திருக்கும் மரமும் மழைக்கும் வெயிலுக்கும் உப்பி ஒடுங்கித் தளர்ந்திருந்தது. இன்றைய அளவான 440 ஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் கம்பி அறுந்து முகத்தில் அடிக்கும். அவர் செய்தது சரிதான். ஆனால் அடுத்த மெக்கானிக்குச் சொன்னதை, காசு கொடுத்தவரிடம் ஏன் சொல்லவில்லை? ‘இவங்களுக்குப் புரியாது’ என்று நாமே முடிவுகட்டுவது பொய்க்கு எவ்வளவு தூரம்? (எனக்கும் இந்த வியாதி உண்டு.)

பலகையை மாட்டாமல் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். படித்துவிட்டு நின்றார்.

“அதான் பேத்தி கீபோர்டோட சேர மாட்டேங்குதா? அவளுக்குக் காது சரியில்லன்னுல்ல கிளாஸை நிறுத்திட்டோம்.”

கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கும், ஒன்று குறைத்தால் போதும் என்றேன்.