கனத்தைப் பக்கத்துப் பூக்கடை

இணையத்தில் எதை விற்றால் காசு வரும் என்று கேட்பவர்கள், பொரளை கனத்தை மயானத்துப் பக்கம் ஒருமுறை போய்வரலாம். மலர்வளையக் கடைக்காரருக்கு அந்தக் குழப்பமே இல்லை. யார், என்ன அவசரத்தில் வருவார் என்று அவருக்குத் தெரியும்.

துலித் ஹேரத் தொடங்கிய ‘கப்ருகா’ என்ற இணையக் கடையும் அப்படித்தான் வளர்ந்தது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை கொழும்பிலுள்ள அம்மாவின் பிறந்தநாளுக்குக் கேக் அனுப்ப வேண்டும். காசு டொலரில் வரும். செலவு ரூபாயில் முடியும். ‘வீட்டிலிருந்தே மாதம் இலட்சம்’ என்று வகுப்பு நடத்துபவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. அவர்களுக்கு வருமானமே வகுப்புக் கட்டணம்தானே!

ஆகவே, எதை விற்பது என்று தெரிய, இலண்டனிலோ ரொறொன்ரோவிலோ இருக்கும் உறவினரிடம் கேளுங்கள்: ஊரில் எந்த வேலையைச் செய்விக்க ஆளில்லாமல் தவிக்கிறீர்கள்? அப்பாவைக் கிளினிக்குக் கூட்டிப்போவதா, பிறப்புச் சான்றிதழ் எடுப்பதா, பூட்டிக்கிடக்கும் வீட்டைப் பார்ப்பதா?