பாழ்வளவும் உரித்தாளியும்

சிசிலித் தீவின் தென்மேற்கே சம்பூக்கா என்றொரு சிற்றூர் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் அவ்வூர் நகரசபை, ஆளற்றுக் கிடந்த பதினாறு வீடுகளை ஒரு யூரோ என்ற ஆரம்ப விலையில் ஏலத்துக்கு விட்டது. வாங்குபவர் மூன்று வருடங்களுக்குள் குறைந்தது 15,000 யூரோ செலவழித்து வீட்டைத் திருத்தியாக வேண்டும். அதற்குப் பிணையாக 5,000 யூரோ கட்டிவைக்கவும் வேண்டும். இந்த யோசனை புதியதல்ல. அருகிலுள்ள சலேமியில் 2008இலேயே இது பேசப்பட்டது. ஆனால் சம்பூக்காவின் அறிவித்தல்தான் உலகெங்கும் பரவியது. செத்துக்கொண்டிருக்கும் ஊருக்கு உயிர் கொடுக்கிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின.

அந்த 'உயிர் கொடுத்தல்' என்ற சொல்தான் என்னை நிறுத்தி வைத்தது. நமது பிக்ஹு நூல்களில் அதற்கென்று ஒரு பாடமே இருக்கிறது. இஹ்யாஉல் மவாத், அதாவது இறந்த நிலத்தை உயிர்ப்பித்தல். யாருக்கும் சொந்தமில்லாத தரிசு நிலத்தை ஒருவர் பண்படுத்தினால் அது அவருக்கு உரியதாகிறது. இமாம் அபூஹனீபா இதற்கு ஆட்சியாளரின் அனுமதி வேண்டும் என்கிறார். ஷாபிஈ மத்ஹபில் அது தேவையில்லை. எதைச் செய்தால் உயிர்ப்பித்ததாகும் என்பதையும் நமது இமாம்கள் நுணுக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். குடியிருப்பென்றால் சுவரெழுப்ப வேண்டும், ஒரு பகுதிக்காவது கூரை போட வேண்டும், கதவு பொருத்த வேண்டும். பயிர்நிலமென்றால் சுற்றிவர மண்ணணைத்து, நிலத்தை மட்டப்படுத்தி, தண்ணீருக்கு வழி செய்ய வேண்டும். வெறுமனே கல்லை நட்டு எல்லை போட்டவனுக்கு முன்னுரிமை உண்டே தவிர உடைமை கிடையாது. அப்படிக் கல் நட்டுவிட்டுச் சும்மா இருப்பவனுக்கு உமர் (ரழி) அவர்களின் பெயரோடு சொல்லப்படும் தவணை மூன்று வருடம். சம்பூக்கா நகரசபையின் தவணையும் அதே மூன்று வருடம்தான். தற்செயல் என்றே நினைக்கிறேன். ஆனாலும் ஒரு மனிதன் சொன்னதைச் செய்வானா என்று பார்க்க மூன்று மாரி போதும் என்பது எல்லா நாட்டுக் கமக்காரருக்கும் தெரிந்த கணக்காக இருக்கலாம்.

ஆங்கிலேயத் தத்துவஞானி ஜோன் லொக் 1689இல் வெளிவந்த தனது நூலில் இதற்குக் கிட்டிய ஒரு வாதத்தை வைத்தார். மனிதனின் உழைப்பு அவனுடையது. அதை ஒரு பொருளோடு கலந்தால் அப்பொருளும் அவனுடையதாகிறது. கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அந்த நியாயம் எந்தப் பொருளுக்குச் செல்லும் என்பதில்தான் வழக்கு. ஆரம்பத்தில் யாருடையதுமல்லாத நிலத்துக்கு அது செல்லும். ஒரு காலத்தில் யாரோ பிள்ளை பெற்று வளர்த்த வீட்டுக்குச் செல்லுமா?

செல்லாது என்பதே ஷாபிஈ நூல்களின் பதில். ஒரு தடவை மனிதக் கை பட்டு உடைமையான நிலம், பிறகு இடிந்து பாழாய்க் கிடந்தாலும் 'மவாத்' ஆகாது. உரித்தாளி தெரிந்தால் அவருக்கு, இல்லையேல் அவரது வாரிசுகளுக்கு. உரித்தாளி யாரென்றே தெரியாவிட்டால் அது 'தவறிப்போன பொருள்'. அதன் முடிவு ஆட்சியாளரின் கையில். அவர் உரித்தாளி தோன்றும்வரை பாதுகாக்கலாம். விற்று அதன் பெறுமதியை வைத்திருக்கலாம். இந்தப் பொறுமை எனக்குப் பிடித்திருக்கிறது. பாழ் என்பது மரணமல்ல என்று இந்தச் சட்டம் கருதுகிறது.

இத்தாலியச் சட்டம் இவ்வளவு பொறுமை காட்டுவதில்லை. ஒருவர் இருபது வருடங்கள் இடையறாது, வெளிப்படையாக ஒரு வீட்டை ஆண்டால் அது அவருக்குச் சேரும் என்கிறது 1942ஆம் ஆண்டின் சிவில் சட்டக்கோவை. சிசிலிக் கிராமங்களில் இதற்கு இடம் நிறைய. அமெரிக்காவுக்கும் ஜேர்மனிக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போனவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரே வீட்டுக்குப் பங்காளிகள். அவர்களில் பலருக்கு அப்படியொரு வீடு இருப்பதே தெரியாது. சம்பூக்காவில் விற்ற வீடுகள் நகரசபைக்கே சொந்தமாகிவிட்டவை. வேறு பல ஊர்களில் நகரசபை வெறும் தரகர்தான். ஒப்பம் வைக்க வேண்டியவர்கள் மூன்று கண்டங்களில் இருப்பார்கள்.

என் சாச்சாவின் மகன் அந்தப் பக்கத்தில் ஒரு மேசனோடு வேலை செய்கிறான். பலேர்மோவில் நம் நாட்டவர் கணிசமாக இருப்பது பலருக்கும் தெரியும். பெரும்பாலானோர் வீட்டு வேலையிலும் முதியோர் பராமரிப்பிலும் இருக்கிறார்கள். இவன் மட்டும் கல்லும் சாந்துமாகிவிட்டான். ஓரிரு வருடங்களுக்கு முன் ஓர் இலையுதிர் காலத்தில் நாற்பது நாள் அவனோடு தங்கினேன். அவர்கள் திருத்திக்கொண்டிருந்தது வட ஐரோப்பாவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தம்பதியரின் வீடு.

ஒரு பழைய வீட்டைத் திருத்துவதென்பது அதோடு பேச்சுவார்த்தை நடத்துவது போன்ற காரியம். முன்பு யாரோ அவசரத்தில் சீமெந்து பூசியிருந்தார்கள். அந்த ஊர்க் கல் மிருதுவான மணற்சுண்ணாம்புக் கல். நிலத்தின் ஈரம் சுவரில் ஏறும். சுண்ணாம்புச் சாந்தாக இருந்தால் அப்படியே வெளியே ஆவியாகிவிடும். சீமெந்து அதை அடைத்துவிடுகிறது. ஈரம் உப்பைச் சுமந்துகொண்டு வேறு வழி தேட, கல் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. வெளியே பார்த்தால் பூச்சு உறுதியாக நிற்கும், உள்ளே சுவர் மாவாகிக்கொண்டிருக்கும். காலையிலிருந்து அஸர் வரைக்கும் உளியால் அதைக் கொத்தி எடுப்பதே முதல் பத்து நாள் வேலை. பிறகு மாதக்கணக்கில் நீரில் ஊறிய சுண்ணாம்பு. நாணற் தட்டியின் மேல் ஜிப்சம் சாந்து பூசிய முகடு. அதன் மேலே நமது பழைய வீடுகளில் இருந்த அதே பீலி ஓடு. உடைந்த ஓட்டுக்குப் பதிலாகப் புதிய ஓடு வைக்க மேசன் சம்மதிக்கவில்லை. இடிந்த இன்னொரு வீட்டின் ஓட்டைத் தேடிக் கொண்டுவந்தார். பழைய ஓட்டோடு பழைய ஓடுதான் பொருந்தும் என்பது அவரது பிடிவாதம். அதில் கணக்கு எவ்வளவு, அழகுணர்ச்சி எவ்வளவு என்று எனக்குப் பிடிபடவில்லை.

தோட்டத்தில்தான் எனக்கு வியப்பு. தண்ணீர் தேக்கும் கற்தொட்டியை அவர்கள் 'ஜெப்பியா' என்கிறார்கள், அது அரபியின் ஜாபியா. வாய்க்கால் 'சாயா', அது ஸாகியா. நீரிறைக்கும் சக்கரம் 'செனியா', அது ஸானியா. தோடம்பூவுக்கும் எலுமிச்சம்பூவுக்கும் 'ஸாகரா', பூ என்று பொருள்படும் ஸஹ்ர் என்ற சொல்லின் மிச்சம். 827இல் மசாராவில் இறங்கிய படை 831இல் பலேர்மோவைக் கைப்பற்றியது. 1091இல் நோர்மானியரின் வெற்றி முழுமையடைந்தது. ஆட்சி போய் ஒன்பது நூற்றாண்டுக்கு மேலாகியும் தண்ணீரின் சொற்கள் போகவில்லை. சம்பூக்காவின் பெயரோடும் 1923 வரை 'ஸாபூத்' என்ற அரபுப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. பாசிச ஆட்சியில்தான் அதை வெட்டினார்கள்.

இவ்விடத்தில் நமது வாசகர் சிலருக்கு நெஞ்சு நிமிரும் என்பது எனக்குத் தெரியும். இதெல்லாம் நம்முடையது என்று எழுதும் பழக்கம் நம்மிடையே பலமாக இருக்கிறது. நான் அதற்கு உடன்படுவதில்லை. அரபிகள் வரும்போது அந்த மண்ணில் கிரேக்கம் பேசியவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் முன்பு வேறு யாரோ. சொல் ஒன்று தங்கியிருப்பதால் வளவு நமக்கு வந்துவிடாது. நம் மனதில் தைக்க வேண்டிய விடயம் வேறு. சிசிலியின் முஸ்லிம்களை இரண்டாம் பிரெடெரிக் மன்னன் 1220களிலிருந்து தீவைவிட்டு அகற்றி, இத்தாலியப் பெருநிலத்தில் லூசேராவில் குடியேற்றினான். 1300இல் அந்தக் குடியேற்றமும் அழிக்கப்பட்டு, மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற வீடுகளில் கூரை இருந்தது, கதவு இருந்தது, தொட்டியில் தண்ணீரும் இருந்திருக்கும். அந்த வீடுகளுக்குப் பிறகு வந்தவர்களும் தாம் உயிர் கொடுத்ததாகவே நினைத்திருப்பார்கள்.

ஆளற்ற வீடு என்ற சொல்லை நாம் ஐரோப்பியர் கேட்பதுபோல் கேட்க முடியாது. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவின் வீடுகளும் இப்படித்தான் ஆளற்றுப் போயின. புத்தளத்து முகாம்களில் இருந்தவர்கள் காணி உறுதியைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக் காத்தார்கள். ஆனால் நம் நாட்டின் 1871ஆம் ஆண்டு ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி பத்து வருடம் எதிராட்சி செய்தவருக்கு உரிமை பிறந்துவிடும். வரமுடியாதவனையும் வரவிரும்பாதவனையும் கடிகாரம் பிரித்தறியாது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்துதான் 1983 மே முதல் 2009 மே வரையான போர்க்காலத்தில் வழக்காட முடியாமற்போனவர்களுக்கு ஒரு கதவைத் திறந்தது. அதற்குள் எத்தனையோ பேர் மௌத்தாகிவிட்டார்கள்.

எனவே சிசிலியிலும் நான் கேட்கும் முதற் கேள்வி, இவர்கள் ஏன் போனார்கள் என்பதுதான். பெலிச்சே பள்ளத்தாக்கில் 1968 ஜனவரியில் பூமி அதிர்ந்தது. ஜிபெல்லினா, பொஜ்ஜொரெயாலே, சலப்பருத்தா, மொந்தெவாகோ ஆகிய ஊர்கள் தரைமட்டமாயின. மீள்கட்டுமானம் இழுபட்டது, குடும்பங்கள் தற்காலிகக் கொட்டில்களில் வருடக்கணக்கில் கிடந்தன, இளையவர்கள் கப்பலும் ரயிலும் ஏறினார்கள். புதிய ஜிபெல்லினாவைப் பழைய இடத்திலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீற்றர் தள்ளிக் கட்டினார்கள். பழைய ஊரின் இடிபாடுகளை அல்பேர்த்தோ பூரி என்ற கலைஞர் வெள்ளைக் கொங்கிரீற்றால் மூடினார். 1984இல் தொடங்கிய அந்த வேலை 2015இல்தான் முடிந்தது. தெருக்கள் இருந்த வழியே இப்போது ஒரு மனிதன் நடக்கக்கூடிய வெடிப்புகள் மட்டும். ஊரைக் கபனிட்டு மூடியதுபோல் இருக்கிறது. சிலர் அதை வீண்செலவு என்கிறார்கள். எனக்கோ, இறந்ததை இறந்தது என்று சொல்லும் நேர்மை அதில் இருப்பதாகப் பட்டது. உயிர் கொடுக்கிறேன் என்ற வாக்கைவிட அது சில வேளை மேலானது.

திருத்திய வீட்டுக்கு வருவோம். வளவின் மூலையில் ஒரு பழைய எலுமிச்சை மரம். அடுத்த வீட்டில் எண்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. வீடு பாழாய்க் கிடந்த காலமெல்லாம் இடிந்த மதிலால் வந்து காய் பறித்தவர் அவர்தான். கோடையில் தன் வீட்டு வாளியால் அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றியவரும் அவரே. மதிலை உயர்த்திக் கட்டச் சொல்லி உரித்தாளிகளிடமிருந்து உத்தரவு வந்தது. அவர்கள் கெட்டவர்களல்லர், காசு கொடுத்து வாங்கிய வளவுக்கு மதில் வேண்டும் என்பது யாருக்கும் தோன்றக்கூடியதுதான்.

"காக்கா, உறுதி அவங்கட பேர்லதான் இரிக்கி. ஆனா இந்த மரம் சாகாம நிண்டது மூத்தம்மாவாலதானே" என்றான் தம்பி.

அவன் பிக்ஹு படித்தவனல்லன். ஆனால் அவன் கேட்டது பிக்ஹின் கேள்வி. உழைப்பு உரிமை தருமென்றால் அந்த மரத்தில் யாருடைய உழைப்பு? லொக்கின் வாதத்தை அதன் முடிவுவரை கொண்டுபோனால் எலுமிச்சை மரம் மூத்தம்மாவுக்கு. உறுதிச் சட்டத்தின்படி தம்பதியருக்கு. நமது இமாம்கள் இரண்டுக்கும் நடுவே இன்னொன்றை அறிந்திருந்தார்கள். உடைமை ஒருவருக்கும் அதில் செல்லும் வழி, பாயும் நீர் போன்ற பயன்கள் வேறொருவருக்கும் இருக்கலாம் என்பது பிக்ஹில் பழைய செய்தி. அயலவன் விற்கும் காணியை வாங்க அடுத்த வளவுக்காரனுக்கு முதலுரிமை உண்டென்று ஹனபிகள் சொல்கிறார்கள். ஷுப்ஆ என்பது அதன் பெயர். ஷாபிஈகளாகிய நாம் அதைப் பங்காளிக்கு மட்டுமே தருகிறோம், அயலவனுக்குத் தருவதில்லை. இந்த ஒரு விடயத்தில் ஹனபிகளின் பக்கம் என் மனம் சாய்கிறது. இத்தாலியிலும் விவசாயக் காணிகளுக்கு இத்தகைய முதலுரிமை இருக்கிறது. 1965ஆம் ஆண்டுச் சட்டம் குத்தகைக் கமக்காரருக்கு அதைத் தந்தது, 1971இல் எல்லையிலுள்ள சொந்தப் பயிர்ச்செய்கைக்காரருக்கும் விரித்தார்கள். வீட்டுக்கும் அதன் பின்வளவுக்கும் அது இல்லை. மூத்தம்மாவிடம் யாரும் கேட்கவில்லை.

கூரையும் கதவும் போட்டால் உயிர்ப்பித்ததாகும் என்ற அளவுகோல் யாருமற்ற பாலை நிலத்துக்குப் போதுமானது. அயல் இருக்கும் இடத்துக்கு அது போதாதென்று வாதிட விரும்புகிறேன். நானறிந்த அந்த வீடு இப்போது உறுதியாக நிற்கிறது. வருடத்தில் பத்து மாதம் பூட்டியும் கிடக்கிறது. முன்பு இடிந்த மதிலால் ஒருவராவது வந்துபோனார். இப்போது சுவர் நிமிர்ந்திருக்கிறது, வரத்து இல்லை. இது உயிரா? மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். திருத்தியிராவிட்டால் இரண்டொரு மாரியில் முகடு விழுந்திருக்கும், அதோடு நாணற் தட்டியும் பீலி ஓடும் அந்த மேசனின் தொழிலும் போயிருக்கும். வெளிநாட்டவரின் காசுதான் இன்று பல சிசிலிக் கிராமங்களில் சுண்ணாம்புச் சாந்து குழைக்கத் தெரிந்த கைகளுக்குச் சோறு போடுகிறது. என் தம்பியின் கைக்கும்தான். வந்தவர்கள் எல்லோரையும் ஒரே தராசில் வைப்பதும் அநியாயம். ஊர்ச் சந்தைக்குப் போய், மொழியைப் பழகி, மாரியிலும் அங்கேயே தங்கிவிட்டவர்களும் இருக்கிறார்கள்.

மதில் விடயம் ஒருவாறு முடிந்தது. மேசன் உத்தரவை மறுக்கவில்லை. மதிலை இடுப்பளவு உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, கல் போதவில்லை, அடுத்த மாதம் பார்ப்போம் என்றார். அங்கே கல்லுக்குப் பஞ்சமே இல்லை. தம்பதியர் ஒக்டோபர் கடைசியில் புறப்பட்டார்கள். போகும்போது தொட்டியின் மதகைத் திறக்கும் முறையைத் தம்பியிடம் விளங்கப்படுத்தினார்கள். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். மதகின் இரும்புப் பிடி மூத்தம்மாவின் சமையலறையில் ஆணியில் தொங்குவதை அவன் முன்பே கண்டிருந்தான்.