காரணம் சொன்னேன், கை கொடுக்கவில்லை

பாயான் பாருவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் நடத்தும் சமய வகுப்புக்கு இருபது பிள்ளைகள் வருவார்கள். சொல்லிக் கொடுக்கும் எனக்குப் பட்டம் எதுவும் கிடையாது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மெஷின் பராமரிப்பு வேலை. நைட் ஷிப்ட் முடிந்து, ஒரு தே தாரிக் குடித்துவிட்டு நேராக வகுப்புக்குப் போன நாட்களும் உண்டு. சைவ சித்தாந்த நூல்களைச் சொந்தமாக வாசித்தே கற்றுக்கொண்டேன். எந்தக் கேள்விக்கும் பதில் தெரியும் என்ற பெருமை கொஞ்சம் இருந்தது. அந்தப் பெருமை உடைந்த கதைதான் இது.

மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் திருமுறை ஓதும் விழாவுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்துகொண்டிருந்தோம். அன்றைக்குப் பயிற்சி, ஞானசம்பந்தரின் திருநீலகண்டப் பதிகம். படிவம் ஒன்றில் படிக்கும் ஒரு பையன் கையைத் தூக்கினான்.

"அண்ணே, வினைன்னா என்ன?"

எனக்குப் பிடித்த கேள்வி. வெள்ளைப் பலகையில் மூன்று கட்டம் போட்டேன். சேர்த்து வைத்திருப்பது சஞ்சிதம், இப்போது அனுபவிப்பது பிராரத்தம், புதிதாகச் சேர்ப்பது ஆகாமியம். பேங்கில் உள்ள பணம், எடுத்துச் செலவழிக்கும் பணம், புதிதாகப் போடும் பணம் என்று உதாரணமும் சொன்னேன். பிள்ளைகள் தலையாட்டினார்கள். அவன் மட்டும் மறுபடியும் கேட்டான்.

"அப்போ என் தங்கச்சி நடக்க முடியாம பொறந்ததுக்குக் காரணம், போன பிறவியில அவ ஏதோ தப்பு செஞ்சதா?"

அங்கே நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. "காரணம் இல்லாம காரியம் இல்லடா. கணக்கு அப்படித்தான்" என்றேன்.

"சரிண்ணே" என்றான். அடுத்த இரண்டு வாரம் வகுப்புக்கு வரவில்லை.

மூன்றாவது வாரம் பாயான் பாரு பாசாரில் அவன் அம்மாவைப் பார்த்தேன். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் கோபப்படவில்லை. "நீங்க படிச்சவங்க தம்பி, தெரியாம சொல்லியிருக்க மாட்டீங்க. ஆனா இவன் வீட்டுக்கு வந்து அப்படியே சொல்லிட்டான். சின்னவ என்னையே கேக்குறா, 'நான் என்னம்மா தப்பு செஞ்சேன்?'னு. நான் என்ன சொல்லட்டும்?" என்று கேட்டுவிட்டுக் கீரைக் கட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஏழு வயசுப் பிள்ளை கேட்ட கேள்வி. எனக்கு வாய் திறக்கவில்லை.

என் சித்தப்பா மகன் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். அங்கே 'ஃபல்சாஃபா டான் இசு செமாசா' என்று தத்துவத்தைக் கட்டாயப் பாடமாக வைத்திருக்கிறார்கள். அவன் என்னிடம் அடிக்கடி வாதம் செய்வான்: "தத்துவம்னா கேள்வி கேக்குறது, சமயம்னா கேக்காம நம்புறது. ரெண்டும் எப்படிண்ணே ஒண்ணாகும்?"

நான் அவனுக்குச் சொல்லும் பதில் இதுதான். நம் மரபில் இரண்டுக்கும் நடுவே சுவர் கிடையாது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தைப் பார். 12 சூத்திரம், 40 வரி, அவ்வளவுதான் நூல். ஒவ்வொரு கருத்துக்கும் மேற்கோள், ஏது, உதாரணம் என்று வரிசையாகக் காட்டுகிறார். 'நான் சொல்கிறேன், நம்பு' என்று எங்கேயும் கிடையாது. உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது. ஆகவே அதைச் செய்விக்கும் ஒருவன் வேண்டும் என்று வாதத்தோடுதான் முதல் சூத்திரமே தொடங்குகிறது.

அவர் மாணவர் அருள்நந்தி சிவாசாரியார் இன்னும் ஒரு படி மேலே போனார். சிவஞான சித்தியாரில் பரபக்கம் என்று ஒரு முழுப் பகுதியை எழுதி, கடவுளே இல்லை என்னும் உலகாயதர் முதல் பௌத்தர், சமணர், மாயாவாதி என்று 14 தரப்பின் வாதங்களை எடுத்து வைத்து, அதற்குப் பிறகுதான் மறுக்கிறார். நாத்திகன் என்ன சொல்வான் என்பதைச் சாத்திர நூலுக்குள்ளேயே எழுதி வைத்த மரபு நம்முடையது. கேள்விக்குப் பயந்த மரபு இப்படிச் செய்யாது.

இதையெல்லாம் சொல்லி அவனை ஜெயித்திருக்கிறேன். ஆனால் பாசாரிலிருந்து வீடு திரும்பிய அன்று, ஜெயித்தவன் போல எனக்குத் தோன்றவில்லை. வாதத்தில் எங்கே தப்பு? இரவு புத்தகங்களை மறுபடியும் எடுத்தேன்.

முதல் தப்பு, தத்துவத்தின் கணக்குப்படியே தப்பு. சித்தாந்தம் உண்மையை அறிய அளவைகள் வைத்திருக்கிறது: காட்சி, கருதல், உரை. ஒரு குழந்தை நடக்க முடியாமல் பிறந்தது காட்சி. அதற்கு ஏதோ காரணம் உண்டு என்பது கருதல். ஆனால் 'அந்தக் குழந்தை இந்தத் தப்பைச் செய்தது' என்பதற்கு எந்த அளவை இருக்கிறது? நான் பார்த்தேனா? நூல் எதுவும் அவள் பெயரைப் போட்டுக் கணக்கு எழுதி வைத்திருக்கிறதா? பொதுவாகச் சொன்ன ஒரு கொள்கையை எடுத்து, ஒரு தனி ஆளின் தலையில் தீர்ப்பாக எழுதிவிட்டேன். பல்கலைக்கழகத்தில் இப்படி எழுதினால் அந்தப் பையனுக்கே மார்க் போட மாட்டார்கள்.

அது மட்டுமா? வினை தானாக வந்து ஆளைப் பிடிப்பதில்லை, அதற்கு அறிவு கிடையாது, இறைவன்தான் அதை உயிரோடு கூட்டுகிறான் என்கிறது சித்தாந்தம். அவன் கொடுக்கும் உடம்பும் உலகமும் உயிர் தேறுவதற்காகக் கருணையால் கொடுத்தவை. மருந்து கசந்தாலும் மருந்துதான், அது தண்டனை இல்லை. நான் பலகையில் போட்ட பேங்க் கணக்கில் அந்தக் கருணைக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

இரண்டாவது தப்பு அதைவிடப் பெரியது. அதை எனக்குக் காட்டியது நான் நடத்திக்கொண்டிருந்த அதே பதிகம். பெரிய புராணம் அதன் பின்னணியைச் சொல்கிறது. கொங்கு நாட்டில் கொடிமாடச் செங்குன்றூரில், இப்போது திருச்செங்கோடு என்கிறோம், சம்பந்தர் தங்கியிருந்தபோது அவரோடு வந்த அடியார்களைக் குளிர் சுரம் பிடித்தது. 'எல்லாம் வினை' என்று சொல்லிவிட்டு அவர் உட்காரவில்லை. பதிகத்தின் தொடக்கத்திலேயே அப்படிச் சொல்பவர்களைத்தான் பார்த்துக் கேட்கிறார். அந்த வினைக்கு இந்த வினை என்று காரணம் சொல்ல உங்களுக்குத் தெரிகிறது. தப்பிக்கும் வழியைத் தேடாமல் இருக்கிறீர்களே, அது உங்களுக்குக் குறையில்லையா என்று. பிறகு கையால் தொண்டு செய்து இறைவன் அடியைப் போற்றுவோம் என்கிறார்.

குறை என்று நான் சொன்ன இடத்தில் அவர் போட்டிருக்கும் சொல் 'ஊனம்'.

அந்தச் சொல்லில் அப்படியே நின்றுவிட்டேன். எத்தனை வருடமாக இந்தப் பதிகத்துக்கு ராகம் சொல்லிக் கொடுக்கிறேன்! நடக்க முடியாத குழந்தையின் மேல் சம்பந்தர் அந்தச் சொல்லைப் போடவில்லை. காரணம் சொல்லிவிட்டுக் கை கட்டி நிற்கிறவன் மேல் போடுகிறார். என் மேல் போடுகிறார்.

என் வேலையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. மெஷின் நின்றுவிட்டால் மூல காரணத்தைக் கண்டுபிடித்து ரிப்போர்ட் எழுத வேண்டும். எழுதிவிட்டு, மெஷினைத் தொடாமல் வீட்டுக்குப் போனால் என்னை யாரும் டெக்னிஷியன் என்று சொல்வார்களா? காரணம் தேடுவதே சரி செய்வதற்காகத்தான்.

அப்பரை நினைத்துப் பாருங்கள். தருமசேனர் என்ற பெயரில் சமணத்தில் பெரிய கல்விமானாக இருந்தவர். சூலை நோய் வந்து துடித்தபோது அக்கா திலகவதியாரிடம் ஓடினார். தம்பி தங்கள் சமயத்தையே விட்டுப் போனவர். 'உனக்கு இது வேணும்' என்று அக்கா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துப் போனார். தெரியாமல் கொடுமைகள் செய்திருப்பேன் என்று பாடியது அப்பர், தன்னைப் பற்றி. வினைக் கொள்கையைப் பேச உரிமையுள்ள இடம் அதுதான் என்று நினைக்கிறேன். 'என் நிலைக்கு நானும் பொறுப்பு, இனி நல்லது செய்வேன்' என்று என்னைப் பார்த்துச் சொன்னால் அது மருந்து. 'உன் நிலைக்கு நீதான் காரணம்' என்று அடுத்தவரைப் பார்த்துச் சொன்னால் அதே மருந்து விஷம்.

அப்படியானால் தத்துவத்தை விட்டுவிட்டுச் சமயத்தை மட்டும் வைத்துக்கொண்டால் போதுமா? அதுவும் ஆகாது. யோசிக்காத வழிபாடு எப்படிப் போகும் என்று பினாங்குப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தைப்பூசத்துக்கு நம் தெருக்களில் மலை மலையாக உடையும் தேங்காயைப் பார்த்தவர்கள்தானே நாம். அதைக் குறைத்து மற்றவர்களுக்கு உதவுங்கள் என்று பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் கேட்டுக்கொண்டபோது, நம்மில் பலருக்குக் கோபம்தான் வந்தது. ஏன் உடைக்கிறோம் என்று கேட்க ஆள் வேண்டும். அந்தக் கேள்விதான் தத்துவம்.

மெய்கண்டாரின் நூல் முடியும் இடத்தைப் பாருங்கள். வாதத்தில் தொடங்கிய அந்த 12 சூத்திரமும் கடைசியில் அடியாரோடு கூடி இருப்பதிலும், அடியார் வேடத்தையும் கோயிலையும் சிவன் என்றே தொழுவதிலும் வந்து முடிகின்றன. பெரிய தர்க்கம் எல்லாம் செய்துவிட்டு, 'போ, மனிதர்களோடு சேரு, கோயிலுக்குப் போ' என்கிறார். நான் பதினொரு சூத்திரத்தோடு நின்றுவிட்டேன்.

அந்த வாரமே அவர்கள் பிளாட்டுக்குப் போனேன். அம்மா முன்னாலேயே பையனிடம் சொன்னேன்: "அண்ணன் அன்னைக்குச் சொன்னது தப்புடா. தங்கச்சி எந்தத் தப்பும் செஞ்சதா யாருக்கும் தெரியாது. மன்னிச்சுக்கோ."

"அப்போ அவளுக்கு மட்டும் ஏண்ணே இப்படி?"

"தெரியலடா" என்றேன். அவனிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

சின்னவள் நாற்காலியில் இருந்தபடியே கேட்டாள்: "மாமா, கோயில்ல பெரிய மயில் இருக்காமே?" வந்து பாரேன் என்றேன். அம்மா குறுக்கே சொன்னார்: "எங்க தம்பி, வாசல்ல அஞ்சு படி. முன்ன அவங்கப்பா தூக்கிட்டுப் போவாரு. இப்போ அவருக்கும் முதுகு வலி, இவளும் வளர்ந்துட்டா."

ஆறு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் அந்த ஐந்து படியை ஏறியிருக்கிறேன். ஒரு நாளும் பார்த்ததில்லை. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு படியைப் பலகையில் வரைந்து விளக்கத் தெரிந்த எனக்கு, காலுக்குக் கீழே இருந்த படி தெரியவில்லை.

கோயில் நிர்வாகத்திடம் கேட்டோம், சரி என்றார்கள். வாசல் உயரம் இரண்டரை அடி. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போட்டால் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். மொத்தம் முப்பது அடி. வாசலில் அவ்வளவு நேர் இடம் இல்லாததால் பக்கவாட்டில் திருப்பி வளைத்துக் கட்டினோம். வெல்டிங் தெரிந்தவன் கைப்பிடி செய்தான், மற்றவர்கள் சிமெண்டு குழைத்தார்கள். நான்கு ஞாயிறு ஆனது. அந்த நான்கு வாரமும் வகுப்பு அங்கேயேதான்.

திறந்த அன்று முதலில் ஏறியது அவள் இல்லை. முட்டி வலியோடு வந்த ஒரு பாட்டி. அடுத்து, குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து ஓர் அம்மா. சாயங்காலம்தான் அவள் வந்தாள், அண்ணன் தள்ளிக்கொண்டு வந்தான். மயில் வாகனத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நினைச்ச அளவு பெருசா இல்ல" என்றாள்.

அவள் அம்மாவிடம் கேட்ட கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் கிடையாது. பையன் மறுபடியும் வகுப்புக்கு வருகிறான், இன்னும் கேள்வி கேட்கிறான். கேட்கட்டும். தம்பி தங்கைகளே, நீங்களும் கேளுங்கள், நிறைய படியுங்கள், வாதம் செய்யுங்கள். அடுத்த வாரம் உங்கள் கோயிலுக்குப் போகும்போது மட்டும் வாசலில் ஒரு நிமிடம் நின்று, எத்தனை படி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.