முந்தி வந்தவர் யார்?

பண்டாரவளையைச் சூழ்ந்த குன்றுகளில், மழைநீர் மேல்மண்ணை அரித்துச் சென்ற இடங்களிலே, வெண்ணிறப் படிகக்கற் சில்லுகள் சிதறிக் கிடப்பதுண்டு. பூனாகலைத் தோட்டங்களிலிருந்து சந்தைக்கும் பாடசாலைக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அந்நகருக்குப் போய்வருகின்றவர்கள் அவற்றை மிதித்தே நடந்திருக்கக்கூடும். கையிலெடுத்து உற்றுநோக்கினால், சிலவற்றின் ஒரு விளிம்பு சவரக்கத்திபோற் கூராயிருக்கும். எதிர் விளிம்பு நுணுக்கமாகத் தட்டி மழுக்கப்பட்டிருக்கும். இயற்கை இவ்வாறு செய்வதில்லை. கோலிலோ எலும்பிலோ பொருத்தி ஆயுதமாக்குவதற்கென மனிதக் கை செய்த வேலை இது. விரல் நகத்தளவேயுள்ள இக்கற்களை ஆய்வாளர் நுண்கற்கருவிகள் என்பர்.

இக்கற்களைக் காணும்போது ஒரு கேள்வி நினைவுக்கு வருகிறது. மலையகத் தமிழர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் எதிர்கொள்ள நேரும் கேள்வி அது: “நீங்கள் எப்போது இங்கே வந்தீர்கள்?” கேள்வி காலத்தைப் பற்றியதுபோல் தோன்றினும் உண்மையில் அது உரிமையைப் பற்றியதே. முந்தி வந்தவனுக்கு மண் சொந்தம். பிந்தி வந்தவன் அவன் தயவில் வாழவேண்டியவன் என்றதொரு நியாயம் அதனுள் ஒளிந்திருக்கிறது. அந்த நியாயம் நியாயந்தானா? மண்ணுக்கடியிற் கிடைத்த சான்றுகளைக் கொண்டே அதனைச் சோதித்துப் பார்ப்போம்.

இலங்கையின் கற்காலக் கருவிகளை முதன்முதலில் அடையாளங் கண்டவர்கள் ஜான் போல், ஈ. ஈ. கிரீன் என்ற இரு ஆங்கிலேயத் தோட்டத்துரைமார். ஆண்டு 1885. துரைமாரின் கண்ணில் இவை பட்டதில் வியப்பில்லை. அடர்ந்த காடாய்க் கிடந்த மலைகள் முதலிற் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாக மொட்டையடிக்கப்பட்ட காலம் அது. காட்டை வெட்டிச் சாய்த்து, கான் வெட்டி, குழி தோண்டி, முள்ளுக் குத்தி அந்த மண்ணைத் திறந்துவிட்டவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர். கண்டுபிடித்தவரின் பெயரை அறிவியல் பதிந்து வைத்தது. மண்ணைத் திறந்த கைகளுக்குப் பேர்ச் செக்றோலைத் தவிர வேறு பதிவில்லை.

1907இல் பால் சரசின், பிரிட்ஸ் சரசின் என்ற இரு சுவிட்சர்லாந்து அறிஞர்கள் இத்தீவில் ஆய்வு நடத்திப் பண்டாரவளைக் குன்றுகளிலும் குகைகளிலும் கற்கருவிகளைச் சேகரித்தனர். இவை மனிதன் செய்தவையே என்பது அதன் பின்னர்தான் ஐயமற நிலைபெற்றது. அவர்களுடைய உழைப்பு மதிக்கத்தக்கது. ஆயினும் அவர்கள் காலத்து ஐரோப்பிய அறிவுலகம் மனித குலத்தை ஓர் ஏணியாகக் கண்டது என்பதையும் மறத்தலாகாது. உச்சிப்படியில் ஐரோப்பியன், அடிப்படியில் வேடன். குகையின் கல்லை ஆராய்ந்தவர்கள் அருகே வாழ்ந்த வேடரையும் ஓர் எச்சமாகவே நோக்கினர்.

இந்த ஏணியை ஐரோப்பிய மண்ணே பின்னர் முறித்துப் போட்டது. 1908இல் பிரான்ஸ் நாட்டின் லா ஷப்பேல் ஓ சேன் என்னுமிடத்துக் குகையில் நியாண்டர்தால் மனிதன் ஒருவனின் எலும்புக்கூடு கிடைத்தது. மார்செலின் பூல் என்ற அறிஞர் அதனை ஆராய்ந்து, முழங்கால் வளைந்து, தலை முன்னே தொங்க நடந்த பாதி விலங்காக அவனைச் சித்திரித்தார். 1957இல் அதே எலும்புகளை மறுபடி ஆராய்ந்தவர்கள், அவன் முதுகெலும்பு கடுமையான மூட்டு வாதத்தாற் சிதைந்திருந்ததை எடுத்துக்காட்டினர். விலங்குத்தன்மை எனப்பட்டதிற் பெரும் பகுதி ஒரு நோயாளியின் உடல்வலி! பற்களிற் பலவற்றை இழந்து, நோயோடு வாழ்ந்த அவன் தன்னந்தனியே பிழைத்திருத்தல் அரிது. பிறர் அவனுக்கு உதவியிருக்க வேண்டும் என்று கருதுவோர் உளர். காட்டுமிராண்டியைத் தேடியவனுக்குக் காட்டுமிராண்டி கிடைத்தான். மனிதனைத் தேடியவர்களுக்கு மனிதன் கிடைத்தான்.

இங்கிலாந்தில் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. சொமர்செட் பகுதியிலுள்ள செடார்க் குகையில் 1903இற் கிடைத்த எலும்புக்கூடு ஏறக்குறைய 10,000 ஆண்டுகள் பழமையானது. ஆங்கிலேயரின் ஆதி முன்னோன் எனப் பெருமையோடு காட்டப்பட்ட மனிதன் அவன். 2018இல் அவனுடைய மரபணுவை ஆராய்ந்தோர், அவன் தோல் கருநிறமாயும் கண்கள் நீலமாயும் இருந்திருத்தல் கூடுமெனக் கணித்தனர். பின்னர், ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன், இன்றைய துருக்கியைப் பூர்விகமாகக் கொண்ட உழவரின் வழிவந்தோர் பிரித்தானியாவில் குடியேறினர். அவர்களுக்குப் பின் 4,500 ஆண்டுகளுக்கு முன் இன்னொரு கூட்டம் வந்தது. வெள்ளை நிறத்தையும் ஆதிக்குடி உரிமையையும் ஒன்றாக முடிச்சிட்டுப் பேசுவோர் அந்த எலும்புக்கூட்டின் முன் என்ன விடை கூறுவர்? அத்தீவில் அவர்களுடைய முன்னோரும் வந்தேறிகளே.

மீண்டும் நம் மலைகளுக்கு வருவோம். பி. ஈ. பி. தெரணியகல, அவர் மகன் சிரான் தெரணியகல, அவர்களுக்குப் பின் வந்த ஆய்வாளர் ஆகியோரின் உழைப்பால் ‘பலாங்கொடை மனிதன்’ என்று இன்று அழைக்கப்படுபவனின் வாழ்க்கையை ஓரளவு நாம் அறிவோம். புளத்சிங்களவிலுள்ள பாகியன் குகையில் அவன் வாழ்ந்ததற்கான சான்றுகள் 45,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. குரங்கையும் அணிலையும் வேட்டையாடி, அவற்றின் எலும்பிலேயே கூர்முனைகள் செய்தான். 2020இல் வெளிவந்த ஆய்வொன்று அம்முனைகளிற் சில அம்பு முனைகளெனவும், ஆப்பிரிக்காவுக்கு வெளியே வில்லம்பு வழங்கியதற்கு அன்றுவரை கிடைத்த மிகப் பழைய சான்று அவையெனவும் கூறிற்று. நுண்கற்கருவிகளோ, ஐரோப்பாவில் அவை பெருவழக்காவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்னரே இங்கு செய்யப்பட்டன. கடற்கரையிலிருந்து தொலைவிலுள்ள குகைகளிற் கடற்சிப்பிகள் கிடைத்துள்ளன. அக்காலத்திலும் மனிதர் நடந்தனர், கொடுத்தனர், வாங்கினர்.

எல்லவுக்கு அருகே, நம் ஊவா மண்ணிலேயே உள்ள இராவணா எல்ல குகையில் ஒரு மனித நெற்றியெலும்பு கிடைத்தது. அதன்மீது செங்காவி பூசப்பட்டிருந்தது. இறந்தவனை வெறும் சடலமெனக் கழித்துவிடாமல், அவன் எலும்பைக் கையிலெடுத்துச் சிவப்பு மண் பூசிய ஒருவர் அங்கே இருந்திருக்கிறார். அவர் பேசிய மொழி யாது, வணங்கிய தெய்வம் யாது என்று எந்தக் கல்லும் கூறவில்லை. அவர் சிங்களவருமல்லர், தமிழருமல்லர். இப்பெயர்கள் தோன்றுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முந்தியவர்.

இச்சான்றுகளிலிருந்து பெறப்படுவது யாது? குரங்கு மனிதனாக மாறியதில் உழைப்புக்குள்ள பங்கைப் பற்றி எங்கெல்ஸ் 1876இல் ஒரு கட்டுரை எழுதினார். பண்டாரவளைக் கற்சில்லு அதற்கொரு சிறு சாட்சி. அக்கல் உழைப்பைச் சொல்கிறது, கைத்திறனைச் சொல்கிறது. உரிமைப் பத்திரம் எதனையும் அது காட்டுவதில்லை. அதனைப் பத்திரமாக்க முனைவோர் பிற்காலத்தவரே.

முந்தி வந்தவர்க்கே மண் என்ற நியாயத்தை மெய்யாகவே கடைப்பிடிப்பதாயின், இத்தீவில் முதல் உரிமை வேடருக்கன்றோ சேர வேண்டும்? நடந்தது யாது? 1983இல் மாதுரு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது, அவர்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய காடே அவர்களுக்கு விலக்கப்பட்ட நிலமாயிற்று. முந்தி வந்தோர் என்ற புகழ் அவர்களுக்கு நூல்களிற் கிடைத்தது, காடு கிடைக்கவில்லை. ஆகவே இந்த நியாயத்தை எடுத்தாள்வோருக்கும் அதில் உண்மையான நம்பிக்கை இல்லை. பிறனை வெளியேற்ற வேண்டும்போது மட்டும் அது உறையிலிருந்து உருவப்படுகிறது.

இங்கே ஒரு தடை எழக்கூடும். “காலத்தால் முந்தியவர்க்கு உரிமையில்லையென்றால், பிந்தி வந்து பிறர் நிலத்தைப் பறித்தவன் செய்ததும் சரியாகிவிடாதா? வெள்ளைக்காரன் பறித்ததையும் ஏற்றுக்கொள்வதா?” இத்தடை அற்பமானதன்று. 1818இல் ஊவாக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது இம்மாகாணத்துச் சிங்களக் குடியானவர் பட்ட துயரம் பெரிது. 1840இன் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமையை எழுத்தில் நிரூபிக்க இயலாத காட்டையும் தரிசையும் சேனை நிலத்தையும் முடிக்குரியதாகக் கொண்டது. தோட்டங்களுக்கு நிலம் அவ்வழியிற் சேர்ந்தது. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அங்கே நிகழ்ந்த குற்றம் யாது? பிந்தி வந்தது குற்றமன்று. அங்கே வாழ்ந்துகொண்டிருந்தவனின் வாழ்வைப் பறித்ததே குற்றம். பறித்தவன் கையில் சட்டமும் துப்பாக்கியும் இருந்தன. கங்காணியின் கடனில் கட்டுண்டு, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, வழியெங்கும் செத்து விழுந்தவர்கள் கையில் இவை இரண்டும் இருக்கவில்லை.

இப்போது இரண்டு ஆண்டுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். 1840இல் சிங்களக் குடியானவனிடம், “இந்த நிலம் உன்னுடையதென்பதற்குக் காகிதம் எங்கே?” என்று கேட்கப்பட்டது. 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளியிடம், “உன் தகப்பன் இங்கே பிறந்தானென்பதற்குக் காகிதம் எங்கே?” என்று கேட்டது. இரு கேள்விகளும் ஒன்றே. தலைமுறைகளாய் வாழ்ந்த வாழ்வு சான்றாகாது, காகிதமே சான்று என்பதே அதன் பொருள். ஏறக்குறைய 7 லட்சம் மக்கள் நாடற்றவராயினர். 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கிற்று. அவ்வாறு நீலகிரிக்குப் போனவர்களை அங்கிருந்தோர் ‘சிலோன்காரர்’ என்றனர். இங்கே ‘இந்தியாக்காரன்’, அங்கே ‘சிலோன்காரன்’. எப்போது வந்தாய் என்ற கேள்வி கடலைக் கடந்தும் அவர்களைப் பின்தொடர்ந்தது. எஞ்சியிருந்த நாடற்றோரின் குறையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது.

குடியுரிமை கிடைத்தது, காணியுரிமையோ இன்னும் பெரும்பாலார்க்குக் கிட்டவில்லை. இது வெறும் கௌரவப் பிரச்சினையன்று, உயிர்ப் பிரச்சினை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதையுண்டன. அம்மலை ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. உயிர் தப்பியோரிற் பலர் கொஸ்லாந்தையிலும் பூனாகலையிலுமுள்ள பாடசாலைகளில் தஞ்சமடைந்தனர். புதையுண்ட பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. 2023 மார்ச்சில் பூனாகலையின் கபரகலையிலும் மண் சரிந்து லயங்களைத் தாக்கிற்று. குகை மனிதன் தனக்கு உறைவிடம் எதுவென்று தானே பார்த்துத் தேர்ந்தான். லயத்திலிருப்பவன் தேரவில்லை. எந்தச் சரிவில் லயம் கட்டுவதென்று தீர்மானித்தவர் வேறொருவர். எச்சரிக்கை வந்த பிறகும் விலகிப்போக அவனுக்குச் சொந்தமாய் வேறொரு துண்டு மண் இருக்கவில்லை.

தொல்லியல் அறிஞன் குகையில் மண்டியிட்டு, தூரிகையால் மண்ணை நீக்கி, பெயரறியாத ஒருவனின் பல்லைக்கூடப் பத்திரப்படுத்துகிறான். அவன் எந்தக் குலம், எப்போது வந்தவன் என்று கேட்டு அப்பரிவை அளப்பதில்லை. மனிதன் வாழ்ந்தான் என்பதே அவனுக்குப் போதுமான காரணம். இறந்து பல்லாயிரம் ஆண்டுகளானவனுக்கு நாம் மகிழ்ச்சியோடு தரும் இம்மதிப்பை, இன்று விடியற்காலை பிரட்டுக்குப் போய் நிற்பவளுக்கு மறுப்பது எந்த அறம்? இருநூறாண்டுகளாக ஒரு மலையைத் தம் உழைப்பாற் காத்து, தம் இறந்தோரை அதே மலையிற் புதைத்துவந்த மக்கள், தாம் உறங்கும் இடத்துக்கு உரியவர்கள் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பண்டாரவளைக் குன்றுகளுக்கு உங்கள் மாணவரை ஒருநாள் அழைத்துச் செல்லுங்கள். கற்களை எடுத்துவர வேண்டாம். அவை சட்டத்தாற் காக்கப்பட்டவை. இருந்த இடத்திலேயே அவற்றைக் காட்டுங்கள். இதைச் செய்தவர் எப்படி வாழ்ந்தார், எதை உண்டார், யாரோடு பகிர்ந்தார் என்று கேட்கச் சொல்லுங்கள். திரும்பி வந்தபின், தம் பாட்டனும் பாட்டியும் எந்த மலையில் வேலை செய்தனர், எந்த லயத்திற் பிறந்தனர், எங்கே புதைக்கப்பட்டனர் என்பதை வீட்டில் விசாரித்து எழுதிவரச் சொல்லுங்கள். சிங்கள மாணவரும் உடனிருந்தால், சேனை நிலத்தை இழந்த தம் முன்னோரைப் பற்றி அவர்களும் எழுதட்டும். இரு கட்டுரைகளும் ஒரே வகுப்பில் உரக்க வாசிக்கப்படட்டும். முந்தி வந்தவர் யார் என்ற கேள்வியை விடுத்து, இம்மலைகளில் இன்னும் ஒரு பேர்ச் காணிகூடச் சொந்தமில்லாதவர் யார் என்று அவர்கள் கேட்கத் தொடங்குவார்கள்.