புழுவின் சம்மதம்

வேதாந்த உபந்நியாசங்களில் நெடுங்காலமாகப் பயின்று வரும் திருஷ்டாந்தங்களுள், குளவி ஒரு புழுவைக் கொட்டிக் கொட்டித் தன் வடிவமாகவே ஆக்கிக்கொள்கிறது என்பதைப்போலக் கேட்டவர் நெஞ்சில் எளிதில் தங்குவது வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. பிரமர கீட நியாயம் என்று பெயர்பெற்ற இது விவேகசூடாமணியில் வருகிறது. பாகவதத்தின் 11-ஆம் ஸ்கந்தத்தில், அவதூதர் தமக்கு வாய்த்த 24 குருமார்களை எண்ணிச் சொல்லுமிடத்தில் குளவிக்கும் ஓர் ஆசனம் கிடைக்கிறது. மண்கூட்டில் அடைபட்ட புழு, அச்சத்தினாலாவது இடைவிடாது குளவியையே நினைந்து முடிவில் குளவியாகிப் பறக்குமானால், பரம்பொருளை அவ்வண்ணம் நினையும் ஜீவன் பரம்பொருளாவதில் என்ன தடை என்பது அதன் தாத்பரியம்.

இந்த நியாயத்தைப் பல்லாண்டு மேடைகளில் எடுத்தாண்ட தமிழ்ப் பண்டிதர் ஒருவர், பட்டாம்பூச்சி பார்க்கக் கல்லாற்றுக்குச் சென்ற எங்கள் கூட்டத்தில் இருந்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரிக்கு ஏறும் வழியில், மலை தொடங்கும் இடத்தில் இருக்கிறது அந்தக் காடு. மழை விட்டு வெயில் ஏறும் முற்பகலில், ஓடைக்கரையின் ஈரமணலில் ஆண் பட்டாம்பூச்சிகள் கூட்டங்கூட்டமாக இறங்கி, இலையிலும் தேனிலும் போதிய அளவு கிட்டாத உப்பை மண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொண்டிருந்தன. பெண் கறிவேப்பிலை அழகி, ஈஸ்வரமூலிக் கொடியைத் தின்று உடம்பெல்லாம் நஞ்சேறிய ரோஜா அழகியின் வேடத்தைப் பூண்டு, தன்னிடம் நஞ்சில்லாமலே பறவைகளை ஏய்த்துப் பிழைப்பதை வழிகாட்டி விளக்கியபோது, மாயைக்கு உதாரணம் தேடிக்கொண்டே இருப்பவரான பண்டிதருக்கு ஏற்பட்ட குதூகலம் சொல்லி முடியாது.

ஓடையை விட்டு மேலே ஏறும் ஒற்றையடிப் பாதையோரத்தில் ஒரு நாரத்தை மரம் நின்றது. அதன் இலையொன்றில் எலுமிச்சை அழகியின் பச்சைப் புழு ஒன்று அசைவற்றிருந்தது. (சிவபூஜைக்குரிய வில்வத்தையும் கூசாமல் தின்னும் புழுதான் இது.) அதன் வயிற்றடியில் வெண்பட்டு நூலால் சுற்றினாற்போன்ற சிறுசிறு மணிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கூட்டத்தில் வந்த சிறுவன், அவை முட்டைகளா என்று கேட்டான்.

“முட்டை இல்ல கண்ணு, குளவிக் கூடு. இது இனிப் பட்டாம்பூச்சியா வராது” என்றார் வழிகாட்டி.

அரிசிமணியிலும் சிறிய அந்தக் குளவி, புழுவின் தோலைத் துளைத்து உள்ளே முட்டைகளை இடும்போதே, புழுவின் உடற்காப்பை முடக்கும் ஒருவகை வைரஸையும் சேர்த்துச் செலுத்திவிடுகிறது. பொரித்த குஞ்சுகள் உயிர் நிலைக்கத் தேவையான உறுப்புகளைத் தொடாமல் குருதியையும் கொழுப்பையும் மட்டும் உண்டு வளர, புழுவோ தனக்கென்று நினைத்து அவற்றுக்காக இலையைத் தின்றுகொண்டே இருக்கிறது. பின்பு அவை தோலைக் கிழித்து வெளிவந்து கூடு கட்டிக்கொண்ட பிறகும் சிறிது காலம் அதற்கு உயிர் இருக்கும். நம் நூலோர் கண்ட மண்கூட்டுக் குளவி வேறு இனம். அது புழுவைக் கொட்டிச் செயலிழக்கச் செய்து, தன் முட்டையோடு வைத்து மூடிவிடும். உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி என்று அவர்கள் கண்டதில் பிழையில்லை. இடையில் நடந்தது தியானமன்று என்பது மட்டுமே அவர்கள் கண்ணுக்கு எட்டவில்லை.

பத்து வயது மகளை 1851-இல் பறிகொடுத்த டார்வின், 1860 மே மாதம் அமெரிக்கத் தாவரநூலறிஞர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், உயிரோடிருக்கும் புழுவின் உடலுக்குள் இருந்து உண்பதற்கென்றே ஒட்டுண்ணிக் குளவிகளைக் கருணையும் வல்லமையும் உடைய ஒரு கடவுள் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று தம்மால் நம்ப முடியவில்லை என்றார். நம்மவர்க்கு முக்தியின் சாட்சியாக நின்ற குளவிக் குலமே அவருக்குக் கடவுட்கொள்கையின் தடையாக நின்றது.

பண்டிதரிடம் இதைச் சொன்னேன். அவர் கலங்கவில்லை. புழுவின் உடலே குளவியின் உடலாகிறதென்றால் நியாயம் முன்னிலும் நன்றாகப் பொருந்துகிறது, நான் என்பது முற்றும் உண்ணப்படாமல் ஐக்கியம் ஏது என்றார். கூர்மையான விடைதான், எனினும் என்னால் ஒப்ப முடியவில்லை. சாதகன் தன்னை ஒப்புக்கொடுக்கிறான். புழுவை யாரும் கேட்கவில்லை. சம்மதத்தோடு நிகழ்வதற்கு ஆத்ம சமர்ப்பணம் என்று பெயரிடலாம், சம்மதமின்றி நிகழ்வதற்கும் அதே பெயரை இடுவது வதைக்குத் திருநீறு பூசுவதாகும்.

குளவி இல்லையேல் புழுக்கள் பெருகி மரம் மொட்டையாகும், ஆகவே எல்லாம் ஒழுங்கே என்பார் உண்டு. காட்டைப் பொறுத்தவரை அது மெய். ஆனால் ஒவ்வோர் உயிரின் கணக்கையும் தனித்தனியே வைத்திருப்பதாகச் சொல்லும் சமயத்திற்கு, மொத்தக் கணக்கு நேராக இருக்கிறது என்ற சமாதானம் போதாது. சைவ சித்தாந்தம் இவ்வளவு எளிதாக நழுவுவதில்லை. முக்தியிலும் ஆன்மா அழிவதில்லை என்கிறது, மறைத்தலையும் இறைவனின் ஐந்தொழில்களில் ஒன்றாக வைக்கிறது, அறக்கருணைக்குப் பக்கத்தில் மறக்கருணை என்றும் ஒன்றைச் சொல்கிறது. என் துன்பத்தை நான் மறக்கருணை என்று கொள்ளலாம். பிறிதோர் உயிரின் துன்பத்தைச் சுட்டி அப்படிச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

“புழுவுக்காக இரங்குகிறீரே, அந்த இரக்கத்தை உமக்குக் கொடுத்தது இந்தக் காடா?” என்று கேட்டார் பண்டிதர். இரக்கமும் கூடிவாழும் உயிர்களின் இயல்பிலிருந்து வளர்ந்ததே என்று டார்வின் 1871-இல் வெளியிட்ட நூலில் வாதித்தார் என்றேன். உறவும் பயனும் இல்லாத புழுவினிடத்துப் பாய்கிற இரக்கத்திற்கு அது போதுமா என்று அவர் மடக்கியபோது, போதும் என்று என்னால் உறுதியாகச் சொல்லமுடியவில்லை. அதற்குள் சிறுவன் ஒரு குச்சியால் அந்த வெண்மணிகளைச் சுரண்டப் போனான். புழு எப்படியும் பிழைக்காது, இவையாவது பிழைக்கட்டும் என்று வழிகாட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். பண்டிதர் சிறுவனின் பக்கம் பேசினார். நான் வழிகாட்டியின் பக்கம் நின்றேன்.