வந்தியின் பங்கு



ஆவணி மூலத்தன்று சிவாலயங்களில் பிட்டுக்கு மண் சுமந்த திருவிழா நடைபெறுவதை நாம் யாவரும் அறிவோம். வைகை பெருகி மதுரையைச் சூழ்ந்தபோது, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையடைக்க வேண்டுமெனப் பாண்டியன் ஆணையிட்டான். பிட்டு அவித்து விற்றுப் பிழைத்த வந்திக் கிழவிக்கும் ஒரு பங்கு அளந்து விடப்பட்டது. ஆளில்லாத அவளுக்குக் கூலியாளாக வந்தவர் எம்பெருமான்.

இக்கதையில் நாம் பெரும்பாலும் பிரம்படியையே நினைவில் வைத்திருக்கின்றோம். அதற்கு முன் சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. வந்தி முதியவள், ஏழை, துணையற்றவள். ஆயினும் அந்தப் பங்கு தனக்குரியதல்ல என்று அவள் சொல்லவில்லை. வெள்ளம் ஊருக்குப் பொது. கரையும் ஊருக்குப் பொது.

நாம் வாழும் ரொறன்ரோவிலும் வெள்ளம் வந்தது. 2005 ஆகஸ்ட் 19, 2013 ஜூலை 8, 2024 ஜூலை 16 ஆகிய நாட்களை மறக்க முடியாது. 2013இல் விமான நிலையத்தில் ஒரே நாளில் 126 மில்லிமீற்றர் மழை பதிவாயிற்று. கூரைநீரும் நிலத்தடி நீரும் கழிவுநீர்க் குழாயினுள் இறங்க, குழாய் நிரம்பி, அழுக்கு நீர் பின்வாங்கிப் பேஸ்மன்றில் மேலெழுகின்றது. அங்கே குடியிருப்போர் யார்? புதிதாக வந்த நம் உறவுகள். ஊரிலிருந்து அழைத்த தாய் தந்தையர். பாண்டியன் அடித்த அடி எல்லார் முதுகிலும் பட்டது. ஒரு வீட்டுக் கூரைநீரோ அயல்வீட்டு ஏழையின் பாயை நனைக்கின்றது.

எமது பகுதியின் கழிவுநீர், மழைநீர்க் குழாய்கள் பற்றி நகரசபை நடத்தும் பொதுக்கூட்டத்தின் அறிவித்தல் வீடுகளுக்கு வந்துள்ளது. பெரிய குழாய்களா, நிலத்தடித் தொட்டிகளா, எந்தத் தெரு முதலில் என்பவை அங்கே பேசப்படும். பொதுமக்கள் கருத்தையும் அங்கே கேட்டுப் பதிவு செய்வார்கள். கணக்கெழுதிப் பிழைக்கும் எமக்கு ஒன்று தெரியும்: ஏட்டில் ஏறாத தொகையை எவரும் கூட்டுவதில்லை.

நம்மவர் பலர் வெள்ளம் புகுந்ததையே வெளியில் சொல்வதில்லை. வாடகைக்கு விட்டது தெரிந்துவிடும், காப்புறுதிக் கட்டணம் ஏறும், ஆங்கிலம் போதாது என்று அஞ்சுகின்றனர். அரச அலுவலரைக் கண்டால் ஒதுங்கிப் போகப் பழகி வந்தவர்கள் நாம். அந்தப் பழக்கத்திற்குக் காரணமும் உண்டு. ஆனால் இது சோதனைச் சாவடியன்று. வரி கட்டும் வீட்டுக்காரரைப் போலவே வாடகைக்கு இருப்பவரும் இங்கே பேசலாம்.

ஆகவே வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள். தண்ணீர் வந்த திகதி, நின்ற உயரம், படங்கள் இருந்தால் எடுத்து வாருங்கள். ஆங்கிலம் படித்த பிள்ளைகளை உடன் அழைத்து வாருங்கள்; பெற்றோருக்காகப் பேசுவதும் தொண்டே. வரமுடியாத முதியவருக்காக அயலவர் பேசட்டும். வந்திக்காக மண் சுமந்தவரை வணங்கும் நமக்கு இது புதிதன்று. வீடு திரும்பியதும் உங்கள் கூரைநீர்க் குழாய் எங்கே போய் விழுகின்றது என்பதையும் ஒருமுறை பாருங்கள்.

எல்லாம் வல்ல சிவபெருமான் திருவருள் யாவர்க்கும் கிட்டுவதாக.