மிதியைப் பொறுக்கும் பச்சை

காலையில் எழுந்து தரையில் கால் வைக்குமுன், பாதம் படுவதைப் பொறுத்தருள வேண்டும் என்று பூமித்தாயிடம் கேட்டுக்கொள்ளும் வழக்கம் உண்டு. வீட்டைச் சுற்றியுள்ள மண்ணில் எந்தச் செடியைப் படரவிடுவது என்ற கேள்வியும் எனக்கு அந்த வேண்டுதலோடு சேர்ந்ததுதான். சிமெண்ட் கல் பாவிவிட்டால் வேலை முடிந்தது. மழை மட்டும் மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் தெருவுக்கு ஓடும்.

நர்சரிக்குப் போவதற்கு முன் கொஞ்ச நாள் சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும். வெயில் எங்கே விழுகிறது, நீர் எங்கே தேங்குகிறது, நம் கால் எந்த வழியாகப் போய்வருகிறது. பார்க்கப் பார்க்க நம் ஆசை அடங்கி, இடம் கேட்பது தெரியவரும். கிணற்றடி ஈரமும் அரைநிழலும் வல்லாரைக்கு. பிள்ளையாருக்கு உகந்த அருகு நல்ல வெயில் கேட்கும். மாமரத்தடியில் அதை வற்புறுத்தி வளர்க்க முடியாது, பக்தியால்கூட.

வெயிலும் நடமாட்டமும் கலந்த இடத்துக்கு நான் சொல்வது பொடுதலை. குளக்கரையிலும் வரப்பிலும் தானாகக் கிடப்பதால் யாரும் அதைக் காசு கொடுத்து வாங்க நினைப்பதில்லை. தரையோடு தரையாகப் போகும். ஓரளவு மிதியும் தாங்கும். சின்னஞ்சிறு பூக்களுக்குத் தேனீ வரும், வெறுங்காலோடு போகிறவர்கள் பார்த்து நடக்க வேண்டும். கணுவுக்குக் கணு வேர்விடுவது அதன் இயல்பு. ஓரிடத்தில் அறுந்தால் அடுத்த கணு தன் வேரில் நின்றுகொள்ளும். பிள்ளை, வீடு, பெயர் என்று ஏதோ ஒன்றில் முழு உயிரையும் கட்டிவைத்துவிட்டு, அது ஆடும்போதெல்லாம் ஆடிப்போகிற எனக்கு, அந்தக் கொடியருகே குனிந்து உட்கார்வதே ஒரு வழிபாடு.

கணுவில் வேர்விடுபவை எல்லாம் சாதுவும் அல்ல. மஞ்சள் பூவுக்காகப் பலர் வளர்க்கும் அமெரிக்க வெடேலியாவும் அப்படித்தான் படர்கிறது. உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அதற்கும் இடம் உண்டு. வெட்டி எறிந்த தண்டு ஓடைக்கரையில் விழுந்தாலும் பிழைத்துக்கொண்டு மற்றவற்றை மூடிவிடும். அழகாக இருக்கிறதே என்பார்கள். அழகுதான்.

ஐப்பசி மழைக்கு முன், இரண்டு மூன்று கணு உள்ள பொடுதலைத் தண்டுகளைச் சாண் இடைவெளியில் ஊன்றலாம். அவை கூடும்வரை கோரையைக் கையால் எடுக்க வேண்டும். மேலே கிள்ளினால் போதாது, கிழங்கு உள்ளே இருக்கிறது. ஜபமாலை உருட்டிப் பழகிய விரல்களுக்கு இது சலிக்காது.

வாசலில் கோலம் போடும் இடத்துக்கு எந்தச் செடியும் வேண்டாம். சாணம் தெளித்த மண்ணே போதும். பொடுதலை அங்கே எட்டிப் பார்த்தால், நுனியைக் கிள்ளிக் கொல்லைப்பக்கம் ஊன்றிவிடலாம்.